தரிசை வாசித்தல்

1858ஆம் ஆண்டு. ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊர். அங்குள்ள பேராலயத்தின் முகப்பை அளந்து வரையும் வேலை ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற இளம் கட்டடப் பொறியாளருக்கு வந்து சேர்கிறது. சாரம் கட்டினால் செலவு. அதனால் கயிற்றில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து, நம்மூரில் அடுக்குமாடிக்கு வெள்ளையடிப்பவர்கள் தொங்குவார்களே அதே மாதிரி, சுவரோரமாக நகர்ந்து அளக்கிறார். ஒரு நாள் மாலை, கீழே இறங்கி மறுபடி படியேறச் சோம்பல்பட்டு, கூடையிலிருந்தே கோபுர ஜன்னலுக்குள் காலை வைக்கிறார். கூடை சுவரைவிட்டு விலகுகிறது. எப்படியோ ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கூடையை உதைத்துத் தள்ளி, உள்ளே விழுந்து பிழைத்துக்கொள்கிறார். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் யோசனை: கட்டடத்தை அளப்பதற்குப் பதிலாக அதன் புகைப்படத்தை அளந்தால் என்ன?

போட்டோகிராமெட்ரி என்று இன்று சொல்லப்படும் துறைக்கு இப்படி ஒரு தொடக்கக் கதை இருக்கிறது. ஹாருன் ஃபரோக்கி தன் 1988ஆம் ஆண்டுக் கட்டுரைப்படமான ‘உலகின் படிமங்களும் போரின் பொறிப்பும்’ படத்தில் இதைச் சொல்கிறார். ஆபத்தான இடத்தில் உடம்பை வைக்காமல் கண்ணை மட்டும் அனுப்பிவைப்பது. நேரில் போவதைவிடப் படத்தை அளப்பது பத்திரம்.

சில மாதங்களாக, கண்ணிவெடி அகற்றும் பணியில் வான்படங்களைப் பயன்படுத்துவது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளையும் அறிக்கைகளையும் படித்துக்கொண்டிருக்கிறேன். இலக்கியம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கொஞ்சம் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: இவையெல்லாம் வாசிப்பைப் பற்றிய எழுத்துகள். ஒரு படம் முன்னால் கிடக்கிறது. அதில் இருப்பதை வைத்து இல்லாததைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் யாரோ ஒருவருக்குக் கால் போகும். நாம் செய்யும் விமர்சனத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

ஃபரோக்கி படத்தின் நடுமையமும் ஒரு வான்படம்தான். 1944 ஏப்ரல் 4 அன்று இத்தாலியின் ஃபோஜியாவிலிருந்து கிளம்பிய நேசநாட்டு விமானம், ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் மோனோவிட்ஸில் கட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலையைப் படமெடுத்தது. படிமப் பகுப்பாய்வாளர்கள் அந்தப் படத்தில் மின்நிலையத்தைக் குறித்தார்கள், கார்பைடு ஆலையைக் குறித்தார்கள், செயற்கை ரப்பருக்கான கட்டுமானத்தைக் குறித்தார்கள். அதே படச்சுருளில் ஆஷ்விட்ஸ் முகாமும் இருந்தது. குறிக்கவில்லை. அதைத் தேடச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. 1970களின் இறுதியில் சி.ஐ.ஏ. ஊழியர்கள் இருவர் பழைய படங்களைத் தோண்டி எடுத்துப் பார்த்த பிறகுதான் அங்கே வரிசையில் நிற்கும் மனிதர்களும் எரிகூடங்களும் ‘தெரிந்தன’.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். தேடுவதைத்தான் காண்கிறோம், கேள்வி இல்லாத கண் குருடு, இத்யாதி. உண்மைதான். ஆனால் ரொம்ப வசதியான உண்மை. கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தால் விடை படத்திலேயே இருந்தது என்ற நம்பிக்கை இதற்குள் ஒளிந்திருக்கிறது. கண்ணிவெடி வயலில் நிலைமை தலைகீழ். எதைத் தேடுகிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். அது படத்தில் இல்லை. இருக்கவும் முடியாது.

காரணம் எளிது. நமக்குக் கிடைக்கும் நல்ல செயற்கைக்கோள் படத்திலேயே ஒரு புள்ளி நிலத்தில் முப்பது, ஐம்பது சென்டிமீட்டர் அகலத்துக்குச் சமம். ஒரு மனித உடல் அந்தப் புள்ளிக்குள் கரைந்துவிடும் என்று எயால் வைஸ்மன் எழுதியிருக்கிறார். ஆள்கொல்லி வெடியோ உள்ளங்கை அளவு. ட்ரோனைத் தாழப் பறக்கவிட்டால் ஒரு சென்டிமீட்டர் வரைகூடத் துல்லியம் கிடைக்கும். ஆனால் வெடி மண்ணுக்குள் இருக்கிறதே, அதன் மேல் இருபது வருடப் புல் முளைத்திருக்கிறதே. துல்லியத்தைக் கூட்டினால் புல்தான் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அப்படியானால் எதைப் பார்க்கிறார்கள்? இதற்கு எனக்குப் பிடித்த பதில் குரோஷியாவிலிருந்து வருகிறது. 1991 முதல் 1995 வரை நடந்த போர் அங்கே நிலத்தை வெடிகளால் நிரப்பிவிட்டுப் போனது. 2001 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றிய நிதியில் ‘ஸ்மார்ட்’ என்ற ஒரு திட்டம் நடந்தது. பெல்ஜியத்தின் ராயல் மிலிட்டரி அகாதமியும் அதில் பங்கெடுத்தது. விமானத்தில் பலநிறமாலைக் கருவிகளையும் ராடாரையும் ஏற்றிக் குரோஷிய நிலங்களைப் படமெடுத்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம், வெடியைத் தேடுவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்தது. பதிலுக்கு இரண்டு பட்டியல் போட்டார்கள். வெடி இருப்பதற்கான குறிகள்: பதுங்குகுழி, அகழி, யாரும் போகாமல் மூடிப்போன பாதை, பாலத்தை ஒட்டிய இடம், உழாமல் விட்ட வயல். வெடி இல்லாததற்கான குறிகள்: உழுத வயல், வண்டித்தடம் பதிந்த பாதை, புழங்கும் வீடு. இவற்றைச் சேர்த்து நிலத்துக்கு ஆபத்து வரைபடம் ஒன்றை உருவாக்கினார்கள்.

இதைப் படித்தபோது தமிழ் படித்த யாருக்கும் தோன்றுவது எனக்கும் தோன்றியது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிலத்தையும் மரத்தையும் பறவையையும் சொல்லி நிறுத்திக்கொள்வதும், கேட்பவர் அதிலிருந்து மீதியை எடுத்துக்கொள்வதும் நமக்குப் பழக்கமான காரியம். உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் தொல்காப்பியம் அதற்குப் பெயரே வைத்திருக்கிறது. கருப்பொருளைப் பார்த்து உரிப்பொருளை உணர்வது. குரோஷிய வயலில் உரிப்பொருள் அச்சம். ஆட்கள் எங்கே போகப் பயந்தார்கள் என்பது புல்லின் நிறத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சொல்லப்போனால் அந்த விமானம் படமெடுத்தது வெடிகளை அல்ல, ஒரு ஊர் ஜனங்களுடைய பயத்தின் எல்லைகளைத்தான்.

ஆனால் இந்த ஒப்பீட்டில் நான் மயங்கிக் கிடந்தது ஒரு வாரம்தான். திணை இலக்கணத்தில் கருப்பொருளுக்கும் உரிப்பொருளுக்கும் ஓர் உடன்பாடு இருக்கிறது. புலவருக்கும் கேட்பவருக்கும் அது முன்பே தெரியும். நிலத்துக்கு அப்படியோர் உடன்பாடு கிடையாது. ஒரு வயல் தரிசாகக் கிடக்கிறது. வெடி இருப்பதாலா? அல்லது அந்தக் குடும்பமே 1995இல் ஊரைவிட்டுப் போய்விட்டதாலா? கிழவர் செத்துப்போய், மகன் ஜெர்மனியில் வேலைக்குப் போய்விட்டதாலா? போர் ஒரு நிலத்தைத் தரிசாக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. மேலிருந்து பார்த்தால் எல்லாத் தரிசும் ஒரே பச்சை.

இதைவிடக் குழப்பமானது எதிர்ப்பக்கம். உழுத வயல் பாதுகாப்பானது என்ற குறி. கம்போடியாவின் வடமேற்கில், தாய்லாந்து எல்லையையொட்டி 1980களில் புதைக்கப்பட்ட கே5 வெடிப்பட்டியில், நிலமில்லாத குடும்பங்கள் வெடி இருக்கிறது என்று தெரிந்தே இறங்கி உழுதார்கள். மண்வெட்டியும் கத்தியும் வைத்துத் தாங்களே தோண்டி எடுத்தார்கள். வேறு நிலம் இல்லை, பசி நிற்காது. அங்கே மேலிருந்து படமெடுத்தால் அழகான உழவுக் கோடுகள் தெரியும். வெடி இல்லாததற்கான குறி! குரோஷியாவில் ஒரு விவசாயி வயலை விட்டுவிட முடிந்தது என்றால் அதற்கு அவருக்கு வேறு ஏதோ ஒரு வழி இருந்தது என்று அர்த்தம். பட்டியலில் பாதுகாப்பு என்று எழுதியிருப்பதை இன்னொரு நாட்டில் வறுமை என்று படிக்க வேண்டியிருக்கிறது. கணினிக்கு இந்த இரண்டு உழவுக்கும் வித்தியாசம் தெரியாது. மேஜையில் உட்கார்ந்திருக்கும் மனிதப் பகுப்பாய்வாளருக்கும், கம்போடியா பற்றி ஏதும் தெரியாவிட்டால், தெரியாது.

போதாக்குறைக்கு நிலமும் சும்மா இருப்பதில்லை. 2014 மே மாத வெள்ளத்தில் பொஸ்னியாவில் வெடிகள் மண்ணோடு பெயர்ந்து வேறு இடங்களுக்குப் போயின. எச்சரிக்கைப் பலகைகளும் சேர்ந்து போயின. 2023 ஜூனில் உக்ரைனின் ககோவ்கா அணை உடைந்தபோதும் இதே கதை. பழைய படம் அப்போது பழைய பிரதியாகிவிடுகிறது. நிலம் தன்னைத் திருத்தி எழுதிக்கொண்டுவிட்டது.

சரி, வெடியையே நேராகப் பார்க்கும் முயற்சிகள் இல்லையா? இருக்கின்றன, சில இடங்களில் அருமையாகப் பலிக்கவும் செய்கின்றன. வடக்குச் சாட் நாட்டில் ஃபாயா-லார்ஜோவைச் சுற்றியுள்ள பாலைவனத்தில், லிபியாவுடனான 1980களின் போரில் புதைத்த வெடிகள் இன்னும் கிடக்கின்றன. ‘ஹியூமனிட்டி அண்ட் இன்க்ளூஷன்’ அமைப்பு அங்கே அகச்சிவப்புக் கேமரா பொருத்திய ட்ரோன்களைப் பறக்கவிட்டது. மணல் சூடாகும் வேகம் வேறு, மணலுக்கடியில் இருக்கும் வெடி சூடாகும் வேகம் வேறு. சூரியன் எழும்போதும் சாயும்போதும் கொஞ்ச நேரத்துக்கு, புதைந்த வெடிக்கு மேலிருக்கும் மணல் தன்னைச் சுற்றியிருப்பதிலிருந்து வேறுபட்டுத் தெரிகிறது. செடி கிடையாது, பகலுக்கும் இரவுக்கும் வெப்பத்தில் பெரிய இடைவெளி. பாலைவனம் இந்த வாசிப்புக்கென்றே வெறுமையாக வைத்த பக்கம் மாதிரி. அதே கேமராவைப் புதர்க்காட்டுக்குக் கொண்டுபோனால் பாதிக் கதை முடிந்தது.

பட்டாம்பூச்சி வெடி என்று பெயர்பெற்ற பி.எஃப்.எம்-1 இன்னொரு வகை. சோவியத் தயாரிப்பு. பிளாஸ்டிக், சுமார் 12 சென்டிமீட்டர் நீளம், எடை 75 கிராம். விமானத்திலிருந்தும் குண்டுகளிலிருந்தும் தூவுவார்கள், புதைப்பதில்லை. ஆப்கானிஸ்தானில் குழந்தைகள் பொம்மை என்று எடுத்தது இதைத்தான். நிலத்தின் மேலேயே கிடப்பதால் ட்ரோனுக்குத் தெரியும். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வகை வெடியின் வெடிக்காத உறைகளைப் பரப்பிவைத்துப் படமெடுத்து, அவற்றை அடையாளம் காணக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2020இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் இரண்டு எண்கள் வருகின்றன. கணினி ஓரளவு ஏற்கெனவே பார்த்திருந்த சூழலின் படங்களில் சோதித்தபோது துல்லியம் 99.3 சதவீதம். முற்றிலும் புதிய படங்களில் 71.5 சதவீதம்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டதற்காக அந்தக் கட்டுரை மேல் எனக்கு மரியாதை. ஆய்வாளர்கள் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். பிரச்சினை, ‘செயற்கை நுண்ணறிவு கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கிறது’ என்று பிறகு வரும் தலைப்புச் செய்திகள். அவற்றுக்கு முதல் எண் மட்டும் போதும். தெரிந்த பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கும் பையன் புதுக் கேள்விக்கு எழுபது வாங்குகிறான் என்பது நமக்கு வகுப்பறையில் பரிச்சயமான விஷயம். ஆனால் உண்மையான வெடிவயல் எப்போதுமே புதுக் கேள்வி. அதன் மண், அதன் புல், அதன் வெயில் எதுவும் பயிற்சியில் இருந்ததில்லை. இல்லாததை இருப்பதாகச் சொன்னால் ஓர் அகற்றுநருக்கு அரைநாள் வீண். இருப்பதை இல்லை என்று சொல்லிவிட்டால்? சதவீதக் கணக்கில் இரண்டு பிழையும் ஒரே பிழை மாதிரித்தான் போய் உட்காரும்.

நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் துறையில் உள்ளவர்களைக் கேட்டால் ஒரே குரலில் சொல்வது, சந்தேகத்துக்குரியது என்று அடைத்துவைத்திருக்கும் நிலத்தில் பெரும்பகுதியில் வெடியே கிடையாது என்பதுதான். வருடக்கணக்காக, பாதுகாப்பான மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறுகிறார்கள். பக்கத்துக் கிராமத்தில் உண்மையான வெடிவயல் வரிசையில் காத்திருக்கிறது. வான்படம் அந்த வரிசையை மாற்றியமைக்க உதவும். எங்கே முதலில் போவது, எங்கே போகவே தேவையில்லை. அகழியின் கோடு படத்தில் தெரிந்தால் வெடி வரிசை எந்தப் பக்கம் ஓடும் என்று ஊகிக்கலாம். இது பெரிய உதவி. உதவியைக் கண்டுபிடிப்பு என்று விற்பதுதான் எனக்கு ஒட்டவில்லை.

இந்த இடத்தில் சினிமாவைப் பற்றிக் கொஞ்சம். கண்ணிவெடியைப் பற்றி நமக்கிருக்கும் கற்பனையெல்லாம் சினிமா கொடுத்தது. கால் வைக்கிறான், ‘க்ளிக்’ சத்தம், அசையாமல் நிற்கிறான், வியர்வை. நிஜத்தில் பெரும்பாலான ஆள்கொல்லி வெடிகள் க்ளிக் சொல்லிக் காத்திருப்பதில்லை. மிதித்தால் வெடிக்கும், அவ்வளவுதான். சினிமாவுக்கு வெடி ஒரு கணம். வெடிவயலில் வாழ்கிறவர்களுக்கு அது கணம் இல்லை, காலம். இருபது வருடம் சுற்றிப்போகும் பாதை, விறகுக்குப் போக முடியாத காடு, ஆட்டுக்கு மட்டும் தெரியாத எல்லை. விசித்திரம் என்னவென்றால், இந்தக் காலத்தைக் காட்டுவதில் எந்தக் கதாநாயகனும் இல்லாத வான்படம் சினிமாவை ஜெயித்துவிடுகிறது. பல வருடப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒரு பாதை மெல்ல மெல்ல அழிவது தெரியும்.

ஆனால் மார்ட்டின் ஸான்ட்வ்லியட்டின் டேனிஷ் படம் ‘லேண்ட் ஆஃப் மைன்’ (2015) ஒரு விஷயத்தில் எந்த அறிக்கையையும்விட மேலே நிற்கிறது. 1945, டென்மார்க் கடற்கரை. ஜெர்மன் போர்க்கைதிகள், பலரும் விடலைப் பையன்கள், மணலில் தவழ்ந்து குச்சியால் குத்திக் குத்தி வெடியைத் தேடுகிறார்கள். அகற்றியாயிற்று என்று சொன்ன பகுதியில் சார்ஜென்ட்டின் நாய் வெடித்துச் செத்துப்போகிறது. அதன்பிறகு அவர் அந்தப் பையன்களைத் தோளோடு தோள் சேர்த்து, அவர்கள் அகற்றிய மணலின்மேல் நடக்கவைக்கிறார். கொடூரமான காட்சி. அதே சமயம் 99.3 சதவீதம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உரை எனக்குத் தெரியாது. படித்தவனே தன் வாசிப்பின்மேல் நடந்துபோக வேண்டும். இன்றைக்கும் அகற்றிய நிலத்தை ஊராரிடம் ஒப்படைக்கும்போது, அகற்றியவர்களே முதலில் நடந்துகாட்டும் வழக்கம் உண்டு. யாரும் கட்டாயப்படுத்தி அல்ல. ஆனால் தொலைவில் ஒரு அலுவலகத்தில் படத்தைப் பார்த்து ‘இங்கே தேவையில்லை’ என்று நீக்கிய பகுதியில் யார் நடந்துகாட்டுவது?

தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. தமிழ்நாட்டில் கண்ணிவெடி என்கிறோம். கண்ணி வைப்பவனின் பக்கத்திலிருந்து வந்த சொல். இலங்கைத் தமிழில் மிதிவெடி. மிதிப்பவளின் பக்கத்திலிருந்து வந்த சொல். முதல் சொல்லில் இரை யார் என்று தெரியாது. இரண்டாவதில் கால் இருக்கிறது. இங்கேயிருந்து எழுதும் நான் கட்டுரை முழுக்கக் கண்ணிவெடி என்றே எழுதியிருக்கிறேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அந்த மிதிவெடி அதிகம் விதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று முகமாலை. 2000 முதல் 2009 தொடக்கம் வரை இரு தரப்பின் முன்னரங்கும் எதிரெதிராக நின்ற இடம். புலிகள் செய்த ஜொனி வெடிக்கு மரப்பெட்டிதான் உறை. உலோகம் மிகக் குறைவு. ஆனால் மண் முழுக்க எறிகணைச் சிதறல், அதனால் உலோகம் காட்டும் கருவி ஓயாமல் கத்தும். கருவிக்குக் கேட்க வேண்டியது கேட்காது, கேட்க வேண்டாதது எல்லாம் கேட்கும். ஆகவே வடக்கில் பல இடங்களில் மண்வாரியைத்தான் நம்பினார்கள். கனத்த வாரியால் மண்ணைத் தளர்த்தி, மெல்லிய வாரியால் தன்பக்கம் இழுத்து, பக்கவாட்டிலிருந்து வெடியை வெளியே கொண்டுவருவது. அந்த வாரியைப் பிடித்தவர்களில் கணிசமானோர் பெண்கள், போரில் கணவரை இழந்து குடும்பத்தைச் சுமந்தவர்கள் பலர்.

வன்னிச் சனங்கள் வேவு விமானத்தை ‘வண்டு’ என்றார்கள். அதன் இரைச்சலுக்கு வைத்த பெயர். வண்டு சுற்றினால் அடுத்து எறிகணை வரும் என்பது 2009இல் குழந்தைகளுக்கும் தெரிந்த இலக்கணம். அதே மாதங்களில் செயற்கைக்கோள்கள் எடுத்த கடற்கரைக் கூடாரங்களின் படங்கள் பிறகு ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையில் சான்றாகச் சேர்ந்தன. கொல்வதற்குப் பார்த்த கண், சாட்சிக்குப் பார்த்த கண், இப்போது வெடி அகற்றப் பார்க்கும் கண். மூன்றும் மேலிருந்துதான் பார்க்கின்றன. கீழே இருப்பவருக்கு எது எது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. வான்படம் பற்றிய தொழில்நுட்பக் கட்டுரைகளில் நான் தேடிக் காணாத ஒரு சொல் ‘இரைச்சல்’. பறக்கும் உயரம் இருக்கிறது, மின்கலத்தின் ஆயுள் இருக்கிறது, காற்றின் வேகம்கூட இருக்கிறது. பறக்கவிடும் முன்னால் ஊரில் போய் ஒரு வார்த்தை சொன்னார்களா என்பது இல்லை.

ஃபரோக்கியிடம் திரும்புகிறேன். அந்த வான்படம் எடுக்கப்பட்டு மூன்றே நாளில், ஏப்ரல் 7 அன்று, ருடால்ஃப் வ்ர்பா, ஆல்ஃபிரெட் வெட்ஸ்லர் என்ற இரண்டு கைதிகள் ஆஷ்விட்ஸிலிருந்து தப்பிக்கத் தொடங்கினார்கள். முகாமின் எல்லையிலேயே மரக்குவியலுக்குள் மூன்று நாள் ஒளிந்திருந்து, பிறகு நடந்தே ஸ்லோவாக்கியா போய், உள்ளே நடப்பதை வரைபடத்தோடு சொன்னார்கள். (மைடன்பாவர் விழப்போன ஊர் வெட்ஸ்லார், தப்பியவர் பெயர் வெட்ஸ்லர். ஒன்றுமில்லை, சும்மா சொல்லத் தோன்றியது.) வான்படத்தில் எது என்ன என்று பிறகு அடையாளம் காண முடிந்ததற்கு இப்படி உள்ளே நடந்தவர்கள் சொன்னதும் ஒரு காரணம். ஃபரோக்கி இந்த இருவரையும் விடவில்லை. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள்தான் குருட்டுக் கண்ணின் மேலுள்ள காதலில் இவர்களை விட்டுவிடுகிறார்கள்.

வெடி அகற்றும் துறையில் இதற்கு இணையானது, கருவி எதுவும் இல்லாமல் ஊருக்குள் போய் உட்கார்ந்து பேசுவது. முதல் கட்ட ஆய்வு என்று அதைத்தான் சொல்கிறார்கள். மாடு எங்கே செத்தது, யார் எந்த வருடம் எங்கே விறகுக்குப் போய்த் திரும்பவில்லை, சிப்பாய்கள் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள். அப்படிக் கேட்டு எழுதிய தாளையும் வான்படத்தையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்தத் தரிசு கிழவர் செத்ததாலா, வெடி இருப்பதாலா என்று பிரிக்க முடிகிறது. ஸ்மார்ட் திட்டக்காரர்களும் களத்தின் பதிவுகளையும் ஆட்களின் அனுபவத்தையும் படத்தோடு சேர்த்துத்தான் வரைபடம் போட்டார்கள். பத்திரிகைச் செய்தியாகும்போது விழுந்துபோவது அந்தப் பாதிதான். கிழவியோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைப் படம்பிடித்தால் ட்ரோன் அளவுக்கு எடுப்பாக இருக்காது.

முகமாலையை அடுத்த பளைப் பக்கம் தென்னைக்குப் பேர்போனது. முன்னரங்கு ஓடிய நிலத்தில் மறுபடி கன்று வைத்தால், சில வருடத்தில் மேலிருந்து பார்க்க வரிசையாகப் பச்சைப் புள்ளிகள் தெரியும். குரோஷியப் பட்டியல்படி அது வெடி இல்லாததற்கான குறி. ஒவ்வொரு கன்றுக்கும் மூன்றடிக் குழி வெட்ட வேண்டும். முதல் குழிக்குப் போட்ட முதல் மண்வெட்டி எந்தப் படத்திலும் இருக்காது.